பேட்டரி ஏன் 'கொதிக்கிறது'?

குட்டீஸ்... உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயோ, ஹால் மூலையிலோ ஒரு டிராலியில் இன்வெர்ட்டரும், கனமான ஒரு பேட்டரியும் உட்கார்ந்திருக்கிறதா? நீண்ட நேரம் கரன்ட் போய்த் திரும்பி வந்த பிறகு, சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். சில வீடுகளில், 'குமுகுமு' என்று மெல்லிய சத்தம் கேட்கும். உலையில் தண்ணீர் கொதிப்பதைப் போல இருக்கும். 'பேட்டரி கொதிக்குது' என்றுதான் மெக்கானிக் அண்ணன்களும் சொல்வர்.

உண்மையில் அங்கே எதுவும் கொதிக்கவில்லை. பிறகு என்ன நடக்கிறது? அது தெரிந்தால், சார்ஜர் மாட்டிய பேட்டரி பக்கத்தில் ஏன் தீக்குச்சி உரசக்கூடாது, ஏன் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஏன் கிளிப்பைப் பட்டென்று பிடுங்கக்கூடாது என்று எல்லாமே புரிந்துவிடும்.

முதலில் ஒரு பழைய சம்பவம்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, என் மாமா ஊரில் மைக் செட் கடை வைத்திருந்தார். கரன்டை நம்ப முடியாத காலம் அது. கல்யாணம், கோவில் திருவிழா எதுவானாலும் ஆம்ப்ளிபயரை பேட்டரியில்தான் ஓட்டுவார். கடையின் பின்னால் இருந்த சின்ன அறையில், நாலைந்து பேட்டரிகள் வரிசையாக சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கும். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் மழைக்குப் பயந்து சாத்தி வைத்திருந்தனர்.

ஒருநாள் சாயங்காலம் கரன்ட் போய்விட்டது. கடையில் வேலை பார்த்த அண்ணன், 'தண்ணி அளவு பாத்துட்டு வரேன்' என்று உள்ளே போனார். ஒரே இருட்டு. மூடியைத் திறந்து, ஓட்டைக்குள் பார்ப்பதற்காகத் தீக்குச்சியை உரசினார்.

'டமார்!'

பட்டாசுச் சத்தம் என்று நினைத்தேன். பேட்டரியின் மேல் பக்கம் பிளந்து, மூடி கூரையில் போய் அடித்திருந்தது. அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். உள்ளே இருந்த அமிலம் கண்ணில் தெறித்துவிட்டது.

மாமா என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்த வகை பேட்டரியை, பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளான்ட்டே என்பவர் 1859ல் கண்டுபிடித்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்து பயன்படுத்த முடிந்த முதல் பேட்டரி இதுதான். அதற்குப் பிறகு ஆகாய விமானம் வந்தது, டிவி வந்தது, செல்போன் வந்தது. இது மட்டும் அடிப்படையில் மாறவே இல்லை! இன்றும் கார், லாரி, டிராக்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறோம்.

உள்ளே ஈயத் தகடுகள் ஒரு பக்கம், ஈய ஆக்சைடு தகடுகள் இன்னொரு பக்கம். நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். இப்படி ஓர் அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால், 12 வோல்ட். மேலே ஆறு மூடிகள் இருப்பதன் ரகசியம் இதுதான்.

பேட்டரியில் இருந்து கரன்ட் எடுக்கும்போது, அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அமிலம் நீர்த்துப் போகும். சார்ஜர் செய்வது, இதை அப்படியே தலைகீழாகத் திருப்பும் வேலை. தகட்டில் ஒட்டியதைப் பிரித்து, மறுபடி அமிலத்துக்கே அனுப்பிவிடும். அதற்குக் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும். அதனால்தான், 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது.

சரி, பேட்டரி நிரம்பும் நேரம் வந்துவிட்டது. தகடுகளில் மாறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆனால், சார்ஜர் இன்னும் கரன்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கரன்ட் என்ன செய்யும்? உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும்! தண்ணீர், ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். அந்தக் 'குமுகுமு' சத்தம் இதுதான்.

ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றில் 100 பங்குக்கு 4 பங்கு சேர்ந்தாலே, பற்றிக்கொள்ளத் தயாராகிவிடும். கூடவே ஆக்சிஜனும் சரியான அளவில் வந்து நிற்கிறது. பிரிந்த இரண்டுக்கும் மறுபடி தண்ணீராகச் சேர ஒரே ஒரு பொறி போதும். அண்ணன் உரசிய தீக்குச்சி அந்தப் பொறியைக் கொடுத்தது. கரன்ட் போய் சார்ஜர் நின்றிருந்தாலும், அதுவரை சேர்ந்த வாயு, சாத்திய அறையில் அப்படியே நின்றிருந்தது.

ஹைட்ரஜன் எல்லா வாயுக்களையும் விட லேசானது என்பது நம் அதிர்ஷ்டம். வழி கிடைத்தால் மேலே ஏறி ஓடிவிடும். ஜன்னல் திறந்திருந்தால் போதும். ஆனால் சிலர், 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று பேட்டரியைக் கதவு போட்ட அலமாரிக்குள் பூட்டி விடுகின்றனர். இன்னும் சிலர், அதன் பக்கத்திலேயே சாமி விளக்கு ஏற்றுகின்றனர். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால், இந்தப் பக்கத்தை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள்.

பொறி எங்கிருந்து வரும்?

தீக்குச்சி, சிகரெட், ஊதுபத்தி... இவை எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. அது, சார்ஜரின் கிளிப்!

பிளக்கை அவசரமாகப் பிடுங்கும்போது, ஸ்விட்ச் போர்டில் நீல நிறத்தில் 'சடக்' என்று ஒரு பொறி தெரியும், பார்த்திருப்பீர்கள். சார்ஜர் ஓடும்போது கிளிப்பை எடுத்தால், அதே பொறி பேட்டரியின் தலைமேலேயே வரும். வாயு வெளிவரும் அதே இடம்! எனவே பெரியவர்கள் கார் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டும்போது, ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுவரில் உள்ள ஸ்விட்ச் எப்போது போடப்படுகிறது?

மாட்டும்போது, ஸ்விட்ச் கடைசி. முதலில் சிவப்பு கிளிப் பிளஸ் முனையில். அடுத்து கறுப்பு கிளிப். பேட்டரி வண்டியிலேயே இருந்தால், கறுப்பு கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுவது நல்லது. பொறி வந்தாலும் அங்கேயே போய்விடும். (வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருந்தால், புத்தகம் சொல்வதுதான் சரி.) இதெல்லாம் முடிந்த பிறகே ஸ்விட்ச்.

கழற்றும்போது, ஸ்விட்ச் முதல். அது அணைந்த பிறகே, கறுப்பு, சிவப்பு என்று கிளிப்புகளை எடுக்க வேண்டும்.

சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? நல்ல சார்ஜராக இருந்தால் வேலை செய்யாமல் நின்றுவிடும். சாதாரண சார்ஜராக இருந்தால், சார்ஜரோ பேட்டரியோ சூடாகிப் பாழாகும். பேட்டரி வெடிக்கவும் கூடும்.

12 வோல்ட் தானே?

'தொட்டால் ஷாக் அடிக்காது, 12 வோல்ட் தானே' என்று சிலர் அலட்சியமாகச் சொல்வர். காய்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால், அந்தப் பேட்டரி ஒரு கார் இன்ஜினையே சுற்ற வைக்கிறது. அதற்காக ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் கொடுக்கிறது. பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால், அவ்வளவு கரன்டும் அதன் வழியாகப் பாயும். இரும்பு சிவக்கச் சூடேறும். ஸ்பேனருக்குப் பதிலாக விரலில் இருக்கும் மோதிரமோ, கையில் இருக்கும் காப்போ அகப்பட்டால்? விரலோடு சேர்த்து அல்லவா வேகும்! பேட்டரி வேலை செய்யும் நல்ல மெக்கானிக், முதலில் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிப் பாக்கெட்டில் போடுவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று... சார்ஜரின் கிளிப் பக்கம்தான் 12 வோல்ட். பிளக் பக்கம் 230 வோல்ட். ஈரக்கை, பிய்ந்த ஒயர், மழைச்சாரல் விழும் இடம் என்றால், ஷாக் உயிரையே பறித்துவிடும்.

சார்ஜரும் பேட்டரியும் ஜோடிப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. லாரி பேட்டரிக்கான பெரிய சார்ஜரில், சின்ன பைக் பேட்டரியை மாட்டினால் தாங்காது. இப்போது வரும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் லித்தியம் பேட்டரி இருக்கிறது; அதற்கு அதனுடைய சார்ஜர் மட்டும்தான். மாற்றி மாட்டினால் தீப்பிடிக்கலாம். வீங்கிய, விரிசல் விட்ட பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது. சார்ஜ் ஆகும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பேட்டரி கைவைக்க முடியாமல் சுட்டாலோ, பெரியவர்களைக் கூப்பிட்டு சுவர் ஸ்விட்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

சட்டையில் ஓட்டை!

வாயுவாகப் பிரிந்து போன தண்ணீரை ஈடு செய்யத்தான், அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறோம். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது தகடுகளைக் கெடுக்கும். மினரல் வாட்டரும் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடிகளில் மிதவை ஒன்று இருக்கும். அது கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது, நீங்கள் செய்யக்கூடிய வேலை. ஊற்றுவது பெரியவர்கள் வேலை. அதுவும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு.

பேட்டரி பக்கத்தில் விளையாடிவிட்டு வந்த பையனின் யூனிபார்ம் அன்று நன்றாகத்தான் இருக்கும். துவைத்துக் காயப்போட்டால், பொட்டுப் பொட்டாக ஓட்டைகள்! பாவம், அம்மா எலி கடித்ததாக நினைப்பார். பருத்தியை அரிக்கும் கந்தக அமிலத்தின் வேலை அது. துணியையே இப்படி அரிக்கும் என்றால், கண் என்ன ஆகும்?

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் தொடாதீர்கள். அதில் அமிலத்தோடு ஈயமும் இருக்கும். ஈயம் வயிற்றுக்குள் போனால், வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய பேட்டரியை உடைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். புதிது வாங்கும்போது கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு, விலையைக் குறைத்துக் கொடுப்பர். அந்த ஈயத்தை உருக்கி, மறுபடி பேட்டரி செய்து விடலாம்.

சரி, மாமா கதைக்கு வருவோம்.

அண்ணன் அலறியதும், மாமா அவரை இழுத்து வந்து, கடை வாசலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். குடத்தில் இருந்த தண்ணீரை, விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் ஊற்ற ஆரம்பித்தார். கூட்டம் கூடிவிட்டது. 'முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கப்பா' என்று எல்லாரும் கத்தினர். மாமா காதிலேயே வாங்கவில்லை. ஒரு குடம் தீர்ந்தது. 'டேய், இன்னொரு குடம் கொண்டா!' என்றார் என்னிடம். நான் அடி பம்புக்கு ஓடினேன். மூன்று குடம் ஊற்றிய பிறகுதான் வண்டியில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், 'ஊத்தாம வந்திருந்தா, கண்ணு போயிருக்கும்' என்றார். அமிலம் கண்ணில் பட்டால், அந்த நொடியே சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றத் தொடங்கி, 15 முதல் 20 நிமிடம் ஊற்ற வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108க்கு போன் செய்யலாம். கண்ணில் சோடா மாவு, எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக்கூடாது.

அந்த அண்ணனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். சொந்தமாக பேட்டரி கடை வைத்திருக்கிறார். இடது புருவத்தில் மட்டும் முடி முளைக்கவே இல்லை. கடையில் சார்ஜ் போடும் இடம், மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. அதன் ஓரத்தில், மூடி போட்ட குடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும். தினமும் காலையில் மாற்றி வைப்பார். கோடையில் தாகத்தோடு வரும் யாராவது அதில் டம்ளரை விட்டால், அவ்வளவுதான், 'அது குடிக்கிற தண்ணி இல்ல!' என்று ஒரு சத்தம் போடுவார் பாருங்கள்!