பழுக்கும் நாளைப் பார்த்துப் பழம் வாங்குங்கள்

ஜூரோங் வட்டாரத்தில் கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். அதனால் பழம் வாங்குவது பெரும்பாலும் வார இறுதியில்தான். ஞாயிற்றுக்கிழமை பை நிறைய வாங்கியது புதன்கிழமைக்குள் பாதி கறுத்தும் கொழகொழத்தும் போய்விடுகிறது. பழத்தின் மீது பழி இல்லை. எல்லாவற்றையும் ஒரே பதத்தில் வாங்கி, ஒரே இடத்தில் வைப்பதால் வரும் வினை இது.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பெரியவர்கள் நாளுக்கு இரண்டு பரிமாறல் பழமும் இரண்டு பரிமாறல் காய்கறியும் சாப்பிட வேண்டும் என்கிறது சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம். ஒரு சிறிய ஆப்பிள் அல்லது ஆரஞ்சு, நடுத்தர வாழைப்பழம் ஒன்று, பப்பாளி அல்லது தர்பூசணியில் ஒரு கீற்று, பத்துத் திராட்சை: இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு பரிமாறல். நால்வர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு எட்டுப் பரிமாறல் என்று கணக்கிட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். தள்ளுபடியைப் பார்த்து அள்ளிக் குவிக்கத் தோன்றாது.

விலையும் சத்தும்

தூர தேசத்திலிருந்து வந்து பளபளக்கும் பழத்தில்தான் சத்து அதிகம் என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. அதே அளவு ஆரஞ்சில் ஏறக்குறைய 50, ஆப்பிளில் 5 மட்டுமே. நார்ச்சத்திலும் ஆப்பிளைப்போல் இரு மடங்கு கொய்யாவில் இருக்கிறது. மலேசியாவிலிருந்து வரும் பப்பாளி வைட்டமின் சியோடு, கண்ணுக்கு நல்லதான கரோட்டின் சத்தையும் தருகிறது. பூன் லே, தாமான் ஜூரோங் ஈரச்சந்தைகளிலும் தேக்காவிலும் இவை எளிதாகக் கிடைக்கும்.

பழுப்பதும் பழுக்காததும்

வாழை, மாம்பழம், பப்பாளி, பேரிக்காய், வெண்ணெய்ப்பழம் ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, தர்பூசணி, ஸ்ட்ராபெரி ஆகியவை பறித்த பின் இனிப்பு ஏறாதவை. எனவே முதல் வகையில் சிலவற்றைப் பழமாகவும் சிலவற்றைச் செங்காயாகவும் வாங்குங்கள். இரண்டாம் வகையை நன்கு விளைந்ததாகவே தேர்ந்தெடுங்கள். தர்பூசணியின் அடியில், தரையில் படிந்திருந்த இடம் வெண்மையாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும்; கையில் தூக்கினால் கனக்க வேண்டும். திராட்சைக் காம்பு பச்சையாக இருந்தால் பழம் புதிது. டப்பாவில் அடைத்த ஸ்ட்ராபெரியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே ஈரம் கசிந்திருந்தால் எடுக்காதீர்கள்.

எங்கே வைப்பது?

நம் சமையலறையில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடுகிறது. காற்றில் ஈரமும் அதிகம். பழங்கள் விறுவிறுவெனப் பழுத்துவிடும். செங்காய்களைக் காற்றோட்டமான கூடையில் வெளியே வையுங்கள்; பழுத்தவுடன் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். வாழைப்பழத் தோல் குளிரில் கறுக்கும், ஆனால் உள்ளே சதை கெடாது. ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுப் பக்கத்தில் இருப்பவற்றையும் பழுக்க வைக்கும். மாங்காய் சீக்கிரம் பழுக்க வேண்டுமானால், ஓர் ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். கீரையை மட்டும் ஆப்பிளுக்கு அருகில் வைக்காதீர்கள், மஞ்சளாகிவிடும்.

கழுவிவிட்டு வெட்டுங்கள்

கழுவி வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சாப்பிடும் முன் ஓடும் நீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். தோலை எறிந்துவிடும் பழத்தையும் கழுவத்தான் வேண்டும். 2018இல் ஆஸ்திரேலியாவில் லிஸ்டீரியா கிருமி தொற்றிய முலாம்பழங்களால் ஏழு பேர் உயிரிழந்தனர். அந்தப் பழங்கள் சிங்கப்பூர்க் கடைகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டன. சொரசொரப்பான தோலில் ஒட்டிய கிருமியைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெட்டிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

சாறு பழத்துக்கு ஈடாகாது

சிங்கப்பூரில் பானப் புட்டிகளில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலேயே 8 கிராம் அளவுக்கு இயற்கைச் சர்க்கரை உண்டு. நார்ச்சத்தோ மிகக் குறைவு. நீரிழிவு உள்ளவர்கள் முழுப் பழத்தை அளவோடு சாப்பிடலாம். சிறுநீரக நோயாளிகள் எந்தப் பழம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வார இறுதியில் இப்படி வாங்கிப் பாருங்கள்: முதல் இரண்டு நாளுக்குப் பழுத்த பப்பாளியும் வாழையும், வார நடுவுக்குச் செங்காய்ப் பதத்தில் கொய்யாவும் மாம்பழமும், கடைசி நாள்களுக்கு ஆரஞ்சும் ஆப்பிளும். கொடுத்த வெள்ளியும் வீணாகாது, பிள்ளைகளுக்குத் தினமும் பழமும் கிடைக்கும்.