தண்டவாளம் தந்த ஊரும் தைப்பூசக் காவடியும்

தைப்பூசத் திருநாளில் ஈப்போ மாநகரின் புந்தோங், சுங்கை பாரி ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம் நோக்கிக் காவடிகள் புறப்படுகின்றன. புந்தோங்கிலிருந்து சிறிது தொலைவிலேயே ஈப்போ இரயில் நிலையம் கம்பீரமாக எழுந்து நிற்கிறது.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு பேராவில், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தை ஏற்றிச் செல்வதே அதன் நோக்கம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய வளமே 1890களில் இரயிலை ஈப்போவுக்கும் அழைத்து வந்தது. ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்த இன்றைய நிலையக் கட்டடம் 1917இல் நிறைவுற்றது. வெண்ணிறக் குவிமாடங்களால் அதனை 'ஈப்போவின் தாஜ்மகால்' என மக்கள் அழைக்கலாயினர்.

கட்டடக் கலைஞரின் பெயரை வரலாறு போற்றுகிறது. ஆனால், தண்டவாளம் பதித்த தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களைச் சொல்ல ஏடுகள் இல்லை. கங்காணிமாருடன் கப்பலேறி வந்து பால்மரம் சீவியோரின் நிலையும் அதுவே. அவர்கள் விட்டுச் சென்ற சாட்சியங்கள் ஆலயங்களே.

பிற்காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. தொழிலாளர் குடும்பங்கள் பட்டணம் புகுந்தன. தோட்டக் கோயில்கள் பல அடியார்களை இழந்தன. ஆதலின், சிதறிய உறவுகள் ஒன்றுகூடும் நாளாகவும் தைப்பூசம் விளங்குகிறது. 2010 முதல் ஓடும் மின்சார இரயிலில் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்புகின்றனர்.

பக்தப் பெருமக்களே! நேர்த்திக்கடன் நிறைவேறியதும், எத்தோட்டத்திலிருந்து வந்தோம் என வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆலய நிர்வாகத்தினர் பழைய படங்களையும் ஆவணங்களையும் பேணிக் காத்தல் வேண்டும். அதுவும் திருப்பணியே.