ஈசாய் மரத் தொங்கல்கள்

ஈசாய் மரத் தொங்கல்கள் என்பவை கிறித்தவர்களின் திருவருகைக் காலத்தில், நாளுக்கு ஒன்றாக, ஒரு மரத்திலோ மரக்கிளையிலோ தொங்கவிடப்படும் சிறு கைவினைப் பொருட்கள் ஆகும். ஒவ்வொன்றும் விவிலியத்தில் உள்ள ஒரு கதையைக் குறிக்கும். உலகப் படைப்பில் தொடங்கி இயேசுவின் பிறப்பு வரையிலான கதைகள் வரிசையாகச் சொல்லப்பட்டு, கதை முடிந்ததும் அதற்குரிய தொங்கல் மரத்தில் இடம்பெறும். கிறிஸ்துமஸ் மரத்தின் அலங்காரப் பொருட்களிலிருந்து இவை வேறுபடுவது இந்த வரிசையினால் ஆகும். கிறிஸ்துமஸ் பண்டிகை இலங்கைத் தமிழரிடையே நத்தார் எனப்படுகிறது.

பெயர்க் காரணம்

ஈசாய் என்பவர் பெத்லகேம் ஊரினர். தாவீது அரசரின் தந்தை. எசாயா இறைவாக்கினர் நூலின் 11 ஆம் அதிகாரம், வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையாக ஈசாயின் குலத்தையும், அதிலிருந்து துளிர்க்கும் தளிராக வரப்போகும் அரசரையும் உருவகம் செய்கிறது. கிறித்தவர்கள் அத்தளிரை இயேசு எனக் கொள்கின்றனர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்நூலாசிரியரின் பெயர் ஏசாயா என்றும், 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் எசாயா என்றும் காணப்படுகிறது. ஈசாய் என்னும் பெயர் இரண்டிலும் ஒன்றே.

வரலாறு

ஈசாய் மரம் முதலில் ஓவியமாகவே தோன்றியது. 1086 ஆம் ஆண்டளவில் பொகீமியாவில் உருவான விசேகிராத் சுவடியில் உள்ள ஓவியம் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் அமைக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரம் புகழ்பெற்றது. இவ்வகை ஓவியங்களில் ஈசாய் படுத்து உறங்க, அவர் உடலிலிருந்து மரம் எழுந்து, கிளைகளில் அரசர்களும் உச்சியில் மரியாவும் இயேசுவும் அமைந்திருப்பர். பள்ளிகொண்ட பெருமாளின் உந்தியிலிருந்து தாமரை எழும் காட்சியை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. எனினும் இது தோற்ற ஒற்றுமை மட்டுமே.

எழுத்தறிவு பரவாத காலத்தில் தலைமுறை வரலாற்றை ஒரே பார்வையில் காட்ட இவ்வோவியம் பயன்பட்டது. வீட்டில் தொங்கல் செய்து நாள்தோறும் மாட்டும் வழக்கமோ 20 ஆம் நூற்றாண்டில் பரவியது. இதற்கு நெருங்கிய மற்றொரு வழக்கம் கிறிஸ்மான் எனப்படும் வெள்ளை, பொன்னிறச் சின்னங்கள் ஆகும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் நகர லுத்தரன் ஆலயம் ஒன்றில் பிரான்சஸ் கிப்ஸ் ஸ்பென்சர் என்பவர் 1957 இல் இதனைத் தொடங்கினார். கிறிஸ்மான்கள் இயேசுவைக் குறிக்கும் சின்னங்கள் மட்டுமே. அவற்றில் கதை வரிசை இல்லை.

நாட்கணக்கு

திருவருகைக் காலம் கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டது. முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையான ஏதேனும் ஒரு நாளில் வரும். கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தால், 2022 இல் நிகழ்ந்தது போல, டிசம்பர் 24 வரை 28 நாட்கள் கிடைக்கும். திங்கட்கிழமை வந்தால், 2023 இல் போல, 22 நாட்களே கிடைக்கும். எனவே 28 தொங்கல்கள் செய்து வைத்துக்கொண்டு, குறுகிய ஆண்டுகளில் ஆறு நாட்கள் மட்டும் இரண்டிரண்டாக மாட்டுவது எளிது. ஆண்டுதோறும் மாறும் இக்கணக்கைத் தவிர்க்க டிசம்பர் 1 அன்று தொடங்குவோரும் உண்டு.

கதைகளும் உருவங்களும்

தொங்கலில் மனிதரை வரைவதைவிட, கதையில் வரும் ஒரு பொருளைச் செய்வதே சிறந்தது. தாடி வைத்த முகங்கள் ஐந்தை வரிசையாக மாட்டினால் எது ஆபிரகாம், எது மோசே என்று செய்தவருக்கே தெரியாமல் போகும். ஏணியைக் கண்டால் யாக்கோபின் கனவு நினைவுக்கு வரும். தொங்கலைக் கையில் எடுத்த குழந்தை "இது ஏன்?" என்று கேட்க வேண்டும், கேட்காவிடில் அது வெறும் அலங்காரமே.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மொழிபெயர்ப்பும் கவனிக்கத்தக்கது. தாவீது மீட்டிய கருவி பழைய மொழிபெயர்ப்பில் சுரமண்டலம். பொது மொழிபெயர்ப்பில் யாழ். வளைந்த குச்சியில் நான்கைந்து நூல் கட்டினால் யாழ் ஆகிவிடும் என்பதால் சிறுவர்களுக்கு இரண்டாவது வசதியானது. யோசேப்பின் அங்கி பழைய மொழிபெயர்ப்பில் பல வண்ணம் உடையது. பொது மொழிபெயர்ப்பில் அழகிய வேலைப்பாடு உடையது. மூல எபிரேயச் சொல்லின் பொருள் தெளிவாக இல்லாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். தையற்கடையில் கழித்த துண்டுத் துணிகள் இரண்டு பொருளுக்கும் பொருந்தும்.

கடைகளில் கிடைக்கும் அச்சிட்ட தொகுப்புகள் பலவற்றில் பெண்களின் கதைகள் குறைவு. ஆனால் மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியல் மரியாவுக்கு முன்பே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நான்கு பெண்களைக் குறிப்பிடுகிறது. ஆண்வழியாக எழுதப்படும் பட்டியலில் இது வழக்கத்துக்கு மாறானது. அவர்களுள் ரூத்து மோவாபு நாட்டைச் சேர்ந்தவர். இராகாபு எரிகோவில் வாழ்ந்த கானானியப் பெண், விலைமகள் என விவிலியமே கூறுகிறது. ஈசாய் இவ்விருவரின் வழியில் வந்தவர். அவர் பெயரால் அமைந்த மரத்தில் அவர்களை விட்டுவிடுவது பொருந்தாது. இராகாபுக்குச் சாளரத்தில் கட்டிய சிவப்புக் கயிறு போதும். செய்வதற்கு இதைவிட எளிய தொங்கல் இல்லை. ரூத்துக்குக் கதிர். அவர் பொறுக்கியது வாற்கோதுமைக் கதிர் ஆயினும், செங்கல்பட்டு போன்ற ஏரிப்பாசன மாவட்டத்தில் கைக்குக் கிடைப்பது நெற்கதிரே. அதனைப் பயன்படுத்தலாம், வேறுபாட்டைக் குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மரம்

தமிழ்நாட்டின் சமவெளியில் ஊசியிலை மரங்கள் இயல்பாக வளர்வதில்லை. இங்கு கிறிஸ்துமஸ் மரமாகச் சவுக்குக் கிளையே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. சவுக்கும் இந்நாட்டு மரமன்று; 19 ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டி எஞ்சின்களுக்கு எரிபொருளாக இங்கு பெருமளவில் நடப்பட்டது. ஊசி இலை போல் தோன்றுவது உண்மையில் அதன் மெல்லிய கிளையே. இலைகள் கணுக்களில் செதில்களாகச் சுருங்கியுள்ளன. வெட்டிய சவுக்குக் கிளை ஈர மணல் நிரப்பிய வாளியில் நின்றாலும் நான்கு வாரம் பசுமையாக இராது. நுனிகள் மெலிந்தவையாதலால் கனமான தொங்கலைத் தாங்குவதும் இல்லை.

ஈசாய் மரத்துக்கு இலையில்லாத காய்ந்த கிளையே போதுமானது. எசாயா கூறுவது அடிக்கட்டையை அன்றோ! வேம்பு, புங்கை, கொய்யா ஆகியவற்றின் பல கவைகள் உள்ள கிளையை மண் நிரப்பிய தொட்டியில் நட்டுக்கொள்ளலாம். கடைசி நாளில் ஒரு பச்சைத் தளிரை அதில் கட்டினால் உருவகமும் நிறைவுறும்.

பொருட்களும் மழையும்

மேலைநாட்டுச் செய்முறைகளில் பெரிதும் கூறப்படுவது உப்புமாவுத் தொங்கல் ஆகும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஏறத்தாழ ஒரு பங்கு நீர் சேர்த்துப் பிசைந்து, அச்சில் வெட்டி, குறைந்த சூட்டில் அடுமனை அடுப்பில் உலர்த்துவர். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் இது பல ஆண்டுகள் இருக்கும். சென்னைப் பகுதியில் திருவருகைக் காலம் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியில் வருகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதற்கும் இதுவே காரணம். தொங்கல் பிசுபிசுத்து, வண்ணம் உரிந்து, துளையிட்ட இடத்தில் அறுந்து விழும்.

2023 இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறான டிசம்பர் 3 அன்று வலுத்த மிக்ஜாம் புயல் மழை மறுநாளும் நீடித்து, முடிச்சூர் முதலிய தாம்பரம் புறநகர்ப் பகுதிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2015 இன் பெருமழையும் முதல் ஞாயிறு கழிந்த இரண்டாம் நாள், டிசம்பர் 1 அன்று பெய்தது. ஆகவே இப்பகுதியில் தொங்கல்களை முன்கூட்டியே, வெயில் உள்ள செப்டம்பரிலேயே செய்து வைப்பது அறிவுடைமை.

உப்புமாவுக்கு மாற்றாக நம் வீடுகளில் முறத்துக்கும் கூடைக்கும் மெழுகப் பயன்பட்ட காகிதக் கூழைக் கொள்ளலாம். கிழித்த செய்தித்தாளை ஓரிரவும், ஒரு பிடி வெந்தயத்தைத் தனியாகவும் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிணைக்கும். நீரை நன்கு பிழிந்து, அரை செ.மீ. தடிமனுக்குத் தட்டி, ஈர்க்குச்சியால் துளையிட்டு, நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தபின் வண்ணமும் வார்னிசும் பூசலாம்.

சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் வட்டாரங்களில் ஏரிக்கரைப் பனைகள் உள்ளன. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரிந்த எவரும் அதே ஓலையில் விண்மீனும் மீனும் மடிக்க இயலும். ஓலை ஈரமாக இருக்கும்போதே மடித்து, நிழலில் உலர்த்த வேண்டும். பனைக்கு வளர்முனை ஒன்றே. அதனை வெட்டினால் மரமே பட்டுப்போகும். ஆதலால் ஓலை எடுப்பதைப் பனையேறும் தொழில் அறிந்தவரிடம் விடுவது நல்லது. தமிழ்நாட்டின் மாநில மரமும் பனையே.

இவை எதுவும் கிடைக்காத அடுக்குமாடி வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ்கள் கட்டாயம் இருக்கும். அதன் தடித்த அட்டையை 7 செ.மீ. விட்டமுள்ள வட்டங்களாக வெட்டி, பொன்னிறம் மின்னும் பகுதியை விண்மீனுக்கும் மணிமுடிக்கும் பயன்படுத்தலாம். ஏணிக்குத் தென்னை ஈர்க்கு, நோவாவின் பேழைக்குக் கொட்டாங்குச்சிச் சில்லு, பத்துக் கட்டளைக்கு உடைந்த சிலேட்டுத் துண்டு ஆகியவை ஏற்றவை. கூரிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நாளின் எண்ணையும் விவிலிய அதிகாரத்தையும் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு வரிசை குழம்பாது.

பாதுகாத்தல்

ஜனவரி 6 அன்று வரும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குப் பின் தொங்கல்களைக் கழற்றி, ஒரு நாள் வெயிலில் காட்டி, மூடியுள்ள டப்பாவில் வேப்பிலையுடன் வைக்கலாம். மாவினால் செய்தவற்றை எறும்பும் கரப்பானும் நாடும். அவற்றை மற்றவற்றுடன் சேர்த்து வைத்தல் கூடாது. நூலை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக மாற்ற வேண்டும்.