பழைய ஜீப்பு கொதிப்பது ஏன்?

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. அந்நாளில் மண்பாதை வழியே அதிகாரிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த வாகனம் ஜீப்பு ஆகும். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1947இல், மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து உருவாக்கத் தொடங்கியிருந்தது. அவ்வழியில் பின்னர் வந்த டீசல் ஜீப்புகள் பல, வயது முதிர்ந்த நிலையிலும் மலையடிவார ஊர்களில் விளைபொருளைச் சந்தைக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்று வருகின்றன. இவ்வண்டிகளை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. அதுவே எஞ்சின் கொதித்துப் போவது.

நாம் அறிந்த ஓர் ஊரில் உழவர் ஒருவரின் ஜீப்பு மேடேறும்போதெல்லாம் கொதித்தது. அவர் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு நீர் பம்பை மாற்றினார். இறுதியில் ரேடியேட்டரையே புதிதாக வாங்கினார். கொதிப்பு நிற்கவில்லை. கையை எளிதாக உள்ளே விடலாம் என்று, விசிறியைச் சுற்றியிருந்த தகட்டுக் கூட்டை யாரோ முன்பே கழற்றி எறிந்திருந்தார்கள். அக்கூடு இல்லாமையால் விசிறி ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்காமல், பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. சிறு தகட்டால் தீர்ந்திருக்க வேண்டிய குறைக்கு ஒரு போகத்தின் வருவாய் செலவாயிற்று. ஆகவே, பொருளை வாங்குமுன் காரணத்தைக் காண்பதே அறிவுடைமை.

வெப்பம் வெளியேறும் வழி

எஞ்சினுள் டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியைச் சுற்றியோடும் நீர் ஏற்றுக்கொள்கிறது. நீர் பம்பு அந்நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே நீர் இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகிறது. எஞ்சின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் வழியை அடைத்து வைத்து, உரிய சூடு வந்ததும் திறக்கிறது.

ரேடியேட்டரின் மூடியும் ஒரு முக்கிய உறுப்பே. 1 சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீரைச் சுமார் 111 டிகிரி வரை கொதியாமல் காக்கிறது. மலையில் இதன் தேவை இன்னும் மிகுதி. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திற்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை குறைவதால், உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டியும் மலையில் கொதிக்கும்.

எப்பொழுது சூடேறுகிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டால் பாதி வேலை முடிந்தது.

1. நிற்கும்போதும், வயலில் நான்கு சக்கர இழுப்பில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போதும் சூடேறி, சாலையில் ஓடும்போது தணிந்தால், குறை காற்றில் உள்ளது. விசிறி, பெல்ட், தகட்டுக் கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. சாலையில் வேகமாகவோ சுமையோடு மேடேறியோ செல்லும்போது மட்டும் சூடேறினால், நீரோட்டம் போதவில்லை என ஐயுறலாம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். அல்லது கீழ்க்குழாயின் ரப்பர் தளர்ந்து, பம்பின் உறிஞ்சலால் ஒட்டிக்கொள்ளலாம்.

3. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறினால் தெர்மோஸ்டாட் திறவாமல் சிக்கியிருக்கலாம்.

4. நீர் குறைந்துகொண்டே வந்தும் வெளியே கசிவு தென்படாவிடில், ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் எழுவதும், எஞ்சின் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுப்பதும் இதன் அடையாளங்கள். இதற்குமேல் வீட்டில் கைவைத்தல் கூடாது. தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். பெல்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம்; அதற்குமேல் தாழ்ந்தால் இறுக்க வேண்டும். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே வைக்கோல் தூசியும் சேறும் பூச்சிகளும் அடைந்திருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி மெதுவாக நீர் விட்டுக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். நீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் கசிந்தால் அதன் சீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் நீரிட்டு, அதில் கயிற்றால் தொங்கவிட்டுச் சூடாக்கலாம். நீர் கொதிக்குமுன் அது திறக்க வேண்டும். ஆறும்போது மூட வேண்டும். இல்லையேல் மாற்றுதல் நலம். அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் தவறானது. அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் டீசல் வீணாகும், தேய்மானமும் மிகும்.

எந்த நீரை ஊற்றுவது?

ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் ரேடியேட்டருக்குப் பகை. தேநீர்க் கெண்டியின் அடியில் படிவது போன்ற சுண்ணப் படிவம் எஞ்சினுள்ளும் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். உப்பு நீக்கிய நீரையும் கூலண்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே சிறந்தது. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான கூலண்டுகளிலுள்ள கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். வடித்த கூலண்டைத் தரையில் விட்டால் நாயோ கன்றோ நக்கி இறக்க நேரும். குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு மூடி வைத்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

வழியில் கொதித்தால்

முள் ஏறுவதைக் கண்டதும் நிழலில் வண்டியை நிறுத்துக. பெல்ட் அறுந்திருந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். அதே பெல்ட் மின்னாக்கியையும் சுழற்றும் வண்டிகளில், பாட்டரி விளக்கும் உடன் எரிவது அதன் அறிகுறி. சூடான மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. சீறி வரும் நீரும் ஆவியும் முகத்தையும் கண்ணையும் வெந்து போகச் செய்யும். சுடும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கவும் கூடும். அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருந்து, மேற்குழாய் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபின், துணியை மூடிமேல் வைத்து மெல்லத் திருப்புக.

நோயாளி ஏறிய வண்டி மலைவழியில் நின்றுவிட்டால் அந்த அரைமணி மிக நீண்டது. ஆகவே, ஊருக்குள் அவசரத்திற்கு அழைக்கப்படும் ஜீப்பு எதுவென்று ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்து, அதன் உரிமையாளரிடம் வாரம் ஒருமுறை நீரளவு, பெல்ட், குழாய், மூடி ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்வார்களாக. காலை வேளையில் பத்து நிமிடமே ஆகும் இவ்வேலை, ஓர் உயிரைக் காக்கவும் உதவலாம்.