தொட்டிக் கடலில் ஏடு

வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் ஆசை மனிதனுக்கு எப்படித்தான் உண்டாயிற்றோ, நாம் அறியோம். சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் வருஷத்தில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. உயிருள்ள கடல் மீன்களைக் கண்ணாடிக்கு அப்பால் காண விரும்பியவர்கள் குழந்தை குட்டிகளுடன் அங்கே போய் வந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டுவிட்டது. இப்போதோ காட்சிசாலையைத் தேடிப் போகாமல், கூடத்திலேயே உப்பு ஜலத் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்க்கிறவர்கள் நம் பட்டணங்களில் இருக்கிறார்கள்.

அத்தகைய குடும்பம் ஒன்றில் சென்ற சித்திரை மாதம் இரண்டு நாள் தங்கியிருந்தோம். புதுவையில் வைசியாள் வீதிக்கு அருகில், தாழ்வாரமும் முற்றமும் உள்ள பழைய வீடு. கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் வெள்ளைப் பட்டையிட்ட இரண்டு செம்மஞ்சள் மீன்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வீட்டுக் குழந்தை ஓடிவந்து நம்மை எழுப்பினாள்.

"மாமா, மாமா! மீனுக்கு மூச்சு முட்டுகிறது. தண்ணீருக்குள்ளேதானே இருக்கிறது, ஏன் முட்ட வேண்டும்?"

போய்ப் பார்த்தோம். இரண்டு மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நண்பர் மருந்துச் சீசாவும் கையுமாக நின்றார். "ஏதோ வியாதி வந்திருக்கிறது" என்றார். நாம் குனிந்து, ஜலத்தின் மேல்மட்டத்தைப் பக்கவாட்டில் உற்று நோக்கினோம். ஆறிய பாலின்மேல் ஏடு படிந்தாற்போல ஒரு மெல்லிய படலம் தொட்டி முழுவதும் பரவியிருந்தது. அதன்மேல் தூசி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் வானவில்லின் நிறங்கள் தெரிந்தன.

"மருந்து வேண்டாம், மீனுக்கு வியாதி இல்லை. ஜலத்துக்குத்தான் மூச்சு முட்டுகிறது" என்றோம்.

குழந்தையின் கேள்விக்கு விடை இதுதான். மீன் சுவாசிப்பது ஜலத்தில் கரைந்திருக்கும் பிராணவாயுவை. தொட்டியில் அந்த வாயு பெரும்பாலும் மேல்மட்டத்தின் வழியாகவே உள்ளே புகவேண்டும். கரியமிலவாயுவும் அவ்வழியாகவே வெளியேற வேண்டும். ஏடு படிந்து மேல்மட்டம் அசையாமல் நின்றுவிட்டால் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடுகிறது. நம் ஊர் வெப்பமும் இதற்கு உடந்தை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஜலம் சுமார் 7½ மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல் ஜலமோ சுமார் 6 மில்லிகிராந்தான். இரவில் பாசியும் பிராணவாயுவைச் செலவிடுகிறது. ஆகையால் விடியற்காலையில்தான் தட்டுப்பாடு அதிகம்.

இத்தனை மெல்லிய ஏடு எங்கிருந்து வந்தது? முதல்நாள் சனிக்கிழமை. நண்பர் எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு, அந்தக் கையாலேயே தொட்டிக்குள்ளிருந்த கல்லை நகர்த்தி வைத்திருக்கிறார். தீனியாகப் போட்டதோ கொழுப்பு மிகுந்த மத்தி மீன் துண்டு. தொட்டிக்கு எதிரே அடுக்களை வாசல். தாளிக்கும் புகையெல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது. போதாக்குறைக்கு, பம்பின் குழாய் வாய் அடிமட்டத்தை நோக்கித் திரும்பியிருந்தது. கீழே ஜலம் சுழன்றது. மேலே ஒரு சலனமும் இல்லை.

ஒரு துளி எண்ணெய் இவ்வளவு செய்யுமா என்று சந்தேகிக்க வேண்டாம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் கிளாப்பம் என்னுமிடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது சுமார் அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி, சிற்றலைகளை அடக்கிவிட்டது. இதை 1774-இல் அவர் வெளியிட்டார். ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண்மணி இன்னும் ஒருபடி மேலே சென்றார். பெண்களுக்குச் சர்வகலாசாலைக் கதவு திறவாத காலம் அது. வீட்டையும் பெற்றோரையும் பார்த்துக்கொண்டே, தகரத் தொட்டியில் ஜலத்தை நிரப்பி, மேலே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி ஏட்டை ஒதுக்கி, அதன் குணங்களை அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ராலே பிரபு 1891-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவரச் செய்தார். அந்த வழியில் ஆராய்ச்சி செய்த லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுக்களையில் நாம் தினந்தோறும் காணும் எண்ணெய்ப் பிசுக்கில் இவ்வளவு விஷயம் அடங்கியிருந்தது!

இனி, அன்று நாம் செய்ததைச் சொல்கிறோம். அச்சடிக்காத சுத்தமான வெள்ளைத் தாளை மேல்மட்டத்தில் மெதுவாகப் படுக்கவைத்து, ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினோம். ஏடு தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாலைந்து தாள்களில் மேல்மட்டம் தெளிந்தது. ஆனால் இது தற்காலிகச் சிகிச்சை. காரணம் நீங்காவிட்டால் ஏடு மறுபடியும் படியும். எனவே பம்பின் குழாயை மேல்நோக்கித் திருப்பி, ஜலம் தெறிக்காமல் சிற்றலை மட்டும் எழும்படி வைத்தோம். மூடியிருந்த கண்ணாடிப் பலகையை எடுத்துவிட்டு வலையைப் போட்டோம். மத்தியானத்துக்குள் மீன்கள் இரண்டும் அடியிலுள்ள கல்லருகே திரும்பிவிட்டன.

நிரந்தரச் சிகிச்சை வேண்டுமானால், மேல்மட்ட ஜலம் ஓரத்துப் பற்களின் வழியாக வழிந்து கீழ்த்தொட்டியில் விழும்படி அமைப்பது உத்தமம். ஏடு தானாகவே இறங்கிப் போய்விடும். அங்கே 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற சாதனத்தை வைக்கிறார்கள். அது நுண்ணிய காற்றுக் குமிழிகளை எழுப்புகிறது. கொழுப்பும் புரதமும் குமிழிகளைப் பற்றிக்கொண்டு நுரையாக ஏறி, மேலுள்ள கிண்ணத்தில் பழுப்பு நிறக் கஷாயமாகச் சேருகின்றன. நாற்றம் சொல்லி முடியாது. ஆனால் அவ்வளவும் தொட்டிக்குள் இருந்ததுதானே என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. தொட்டிக்குள் கை வைக்குமுன் எண்ணெய் போகக் கழுவி, பிறகு சோப்பும் போக நல்ல ஜலத்தில் அலம்ப வேண்டும். சோப்பு எண்ணெயைவிடக் கொடியது. தீனியை அலசி, மீன்கள் சில நிமிஷங்களில் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும். மேல்மட்டம் அசைந்தால் ஜலம் அதிகமாக ஆவியாகும், உப்போ தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல ஜலத்தையே ஊற்ற வேண்டும். மின்சாரம் நின்றால், ஒரு குவளையால் ஜலத்தை மொண்டு மொண்டு தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருப்பது மீன்களைக் காப்பாற்றும்.

அன்று மாலை குழந்தையை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்றோம். கருங்கற்களில் அலை மோதி மோதி நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"மாமா, கடலும் ஏடு எடுக்கிறதா?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா. அது ஒரு நாளும் ஓய்வதில்லை. தொட்டியில் அலை இல்லை, அங்கே அந்த வேலை நம்முடையது" என்றோம்.