இளையர் தின விடுமுறை: ஜூலையின் முதல் திங்களா, இரண்டாம் திங்களா?

சிங்கப்பூரில் இளையர் தினம் ஜூலையின் முதல் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை. அப்படியென்றால் 'ஜூலையின் முதல் திங்கள்' என்று கணினி நிரலில் எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும்.

போதாது. 2024ல் ஜூலை 1ஆம் தேதியே திங்கட்கிழமை. முதல் ஞாயிறு 7ஆம் தேதி, விடுமுறை 8ஆம் தேதி. அதாவது, இரண்டாம் திங்கள். அந்த நிரலை நம்பி விடுப்பு எடுத்த பெற்றோர், பிள்ளை பள்ளிக்குப் போன நாளில் வீட்டில் இருந்திருப்பார்.

இதில் சிக்கல் என்னவென்றால், 2025 முதல் 2029 வரை ஐந்தாண்டும் அதே நிரல் சரியான விடையையே தரும். 2030ல்தான் ஜூலை 1 மீண்டும் திங்களில் வருகிறது. அதற்குள் நிரலை எழுதியவர் வேறு வேலைக்கே போயிருக்கலாம்.

காரணம் எளிது. எந்தக் கிழமையாக இருந்தாலும் மாதத்தில் அது முதன்முறை வருவது 1 முதல் 7ஆம் தேதிக்குள்தான். இரண்டாம் முறை 8 முதல் 14க்குள். ஆனால், முதல் ஞாயிறுக்கு அடுத்த நாள் 2 முதல் 8க்குள் விழும். இரண்டும் ஒன்றல்ல. எனவே முதல் ஞாயிற்றைக் கண்டுபிடித்து, அதோடு ஒரு நாளைக் கூட்டுவதே சரியான முறை.

முதல் ஞாயிற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கி சனி 6 வரை எண் கொடுக்க வேண்டும். வேண்டிய கிழமையின் எண்ணிலிருந்து மாதத்தின் முதல் நாளுக்குரிய எண்ணைக் கழித்து, வருவதோடு 1ஐக் கூட்டினால் தேதி கிடைக்கும். கழித்து வருவது எதிர்ம எண்ணானால் முதலில் 7ஐச் சேர்க்க வேண்டும்.

அக்டோபரின் முதல் வெள்ளியில் வரும் சிறுவர் தினத்தை எடுத்துக்கொள்வோம். 2026ல் அக்டோபர் 1 வியாழன். 5லிருந்து 4 போனால் 1. விடை அக்டோபர் 2. 2022லோ அக்டோபர் 1 சனிக்கிழமை. 5லிருந்து 6ஐக் கழித்தால் −1. 7ஐச் சேர்த்தால் 6; விடை அக்டோபர் 7.

அந்த 7ஐ மறந்தால் 'அக்டோபர் 0' என்று வரும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி இதைப் பிழை என்று சொல்லாது. சத்தமில்லாமல் செப்டம்பர் 30 என்று மாற்றிக்கொள்ளும். அதுவும் வெள்ளிக்கிழமைதான் என்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது!

நாட்காட்டியின் வரிசைகளை எண்ணுவதும் ஆபத்து. 2026 ஆகஸ்ட் சனிக்கிழமையில் தொடங்குகிறது. ஞாயிறு முதலில் வரும் நாட்காட்டியில் இரண்டாம் வரிசையில் உள்ள வெள்ளி 7ஆம் தேதி. ஆனால், அது மாதத்தின் முதல் வெள்ளி.

இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்கு ஏழேழாகக் கூட்டினால் போதும். ஐந்தாவது கிழமைக்கு அது செல்லாது. ஆண்டில் நான்கு அல்லது ஐந்து மாதங்களில் மட்டுமே ஒரு கிழமை ஐந்து முறை வரும். 'கடைசி ஞாயிறு சந்திப்பு' என்று அறிவிக்கும் அமைப்புகளுக்கு நான்காவதா ஐந்தாவதா என்ற குழப்பம் வேண்டாம். நிரலில் மாதத்தின் இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணச் செய்யலாம். மின்னாட்காட்டிகளுக்கான ஐகேலண்டர் தரத்திலும் முதல் ஞாயிறுக்கு 1, கடைசி ஞாயிறுக்கு −1 என்று குறிக்க வழி உண்டு.