சென்னைக்கு அமெரிக்காவிலிருந்து ஐஸ் வந்தது தெரியுமா?

அமெரிக்காவில் பனிக்காலத்தில் உறைந்த ஏரியை ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, கப்பலேற்றி நம் நாட்டுக்கு அனுப்பினார்கள், தெரியுமா? பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பியது 180 டன். நான்கு மாதக் கடல் பயணம், அதில் பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். அப்படியும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது! பின்னாளில் இந்த வியாபாரத்துக்கே காவலாக நின்றது மரத்தூள். தூளின் இடையில் சிக்கிய காற்று வெப்பத்தை உள்ளே விடாது. ஐஸும் லேசில் உருகாது. ஒரு கிராம் ஐஸ் உருகக் குடிக்கும் வெப்பத்தில் ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம்!

சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842இல் கட்டியதுதான் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடத்தில்தான்!

அமெரிக்க ஐஸ் வருவதற்கும் முன்பே அலகாபாத்தில் வெட்டவெளியில் ஐஸ் விளைவித்தார்கள் தெரியுமா? ஆங்கிலேயர் ராபர்ட் பார்க்கர் இதை 1775இல் எழுதி வைத்திருக்கிறார். பள்ளம் தோண்டி, கரும்புத் தட்டையோ காய்ந்த சோளத்தட்டையோ பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளை வரிசையாக வைத்து, பொழுது சாயும்போது காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுவார்கள். மேகமில்லாத, காற்றடிக்காத குளிர்கால இரவில் தண்ணீர் தன் வெப்பத்தை வானத்துக்கே விட்டுவிடும். கொஞ்சம் ஆவியாகவும் போகும். விடிவதற்குள் தட்டில் ஐஸ்!

தண்ணீர் இப்படி ஆவியாவதன் பலம் அசாத்தியமானது. மண்பானையில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரின் சூட்டை 10 டிகிரி இறக்க எவ்வளவு ஆவியாக வேண்டும்? கணக்குப்படி ஒரு டம்ளர்கூட வேண்டாம்!

நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா இதை வைத்தே ஏழைகளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் செய்தார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. அவ்வளவுதான்! மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் 27 நாள் தாங்கியது. 2000இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கரன்ட் எட்டாத கிராமங்களில் காய்கறி அழுகாமல் காத்த இந்தப் பானைக்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும்.

ஆனால் காற்று வறண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஈரமான காற்றில் தண்ணீர் சட்டென்று ஆவியாகாது. அதனால்தான் மே மாத வேலூரில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது; கடற்காற்று வீசும் சென்னையில் அவ்வளவு குளிர்வதில்லை!